ஸ்பின் வால்வ் படலம்: ஃப்ரீ லேயர் 40 ஓர்ஸ்டெட் தள்ளி நிற்கிறது, எம்ஆர் 2.3 சதவீதத்தைத் தாண்டவில்லை

மெல்லேடு

வணக்கம். காந்த அட்டையின் பின்பக்கப் பட்டையில் பதிந்திருக்கும் தரவைப் படிக்க காந்த ஃபீல்டில் மின்தடை மாறும் ஒரு ஜிஎம்ஆர் சென்சார் தேவை. அதற்கான ஸ்பின் வால்வ் படலம்தான் இப்போது சிக்கல்: தாமிரத்தின் ஒரு பக்கம் எளிதில் திரும்பும் காந்த அடுக்கு (ஃப்ரீ லேயர்), மறு பக்கம் இரிடியம்-மாங்கனீஸால் ஒரே திசையில் பிணைக்கப்பட்ட காந்த அடுக்கு (பின்டு லேயர்).

கருவி: ஆறு கன் உள்ள டிசி மேக்னட்ரான் ஸ்பட்டரிங். 2 அங்குல டார்கெட்டுகள், டார்கெட்டிலிருந்து சப்ஸ்ட்ரேட் வரை 10 செ.மீ. பேஸ் பிரஷர் 4×10⁻⁷ டார். படலம் போடும்போது ஆர்கான் 5 மில்லிடார். ஹோல்டரில் இரண்டு நிலைக்காந்தங்கள், நடுவில் சுமார் 100 ஓர்ஸ்டெட் காந்த ஃபீல்டு.

அடுக்குகள், ஆக்ஸைடு வளர்த்த சிலிக்கான் மேல் கீழிருந்து, எல்லாம் நானோமீட்டரில்: டான்டலம் 5, நிக்கல்-இரும்பு 2, இரிடியம்-மாங்கனீஸ் 8, கோபால்ட்-இரும்பு 2.5, தாமிரம் 2.2, கோபால்ட்-இரும்பு 1, நிக்கல்-இரும்பு 3, மேலே மூடியாக டான்டலம் 5.

படியும் வேகத்தைக் கணக்கிட்ட விதம்: 200 நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போட்டு, படியின் உயரத்தை ப்ரொஃபைலோமீட்டரில் அளந்து, நேரத்தால் வகுத்தது. தாமிரத்துக்கு நொடிக்கு 0.1 நானோமீட்டர் வந்தது. ஆகவே 22 நொடி.

நான்குமுனை அளவீட்டில் கிடைத்தவை: ஷீட் ரெசிஸ்டன்ஸ் (படலத்தின் ஒரு சதுரத்துக்கான மின்தடை) 18 ஓம், எம்ஆர் (ஃபீல்டால் மின்தடை மாறும் அளவு) 2.3 சதவீதம். ஃப்ரீ லேயர் வளைவின் நடு 40 ஓர்ஸ்டெட் தள்ளி இருக்கிறது. பின்டு லேயர் 150 ஓர்ஸ்டெட்டிலேயே திரும்பிவிடுகிறது, அதுவும் சாய்வாக. இரண்டு திருப்பங்களுக்கும் நடுவில் தட்டையான பகுதி என்று எதுவுமே இல்லை. அனீல் (ஃபீல்டில் வைத்துச் சூடாக்கி ஆறவிடுவது) இன்னும் செய்யவில்லை.

தாமிரத்தை 3 நானோமீட்டர் ஆக்கினால் சரியாகிவிடுமா? அல்லது பின்டு லேயரை ருத்தேனியம் நடுவில் வைத்த சிந்தெட்டிக் ஆன்டிஃபெர்ரோமேக்னட்டாக மாற்றிவிடலாமா? எதை முதலில் தொடுவது என்று சொல்லுங்கள்.

---

வளைவுவாசகர்

எதையும் மாற்ற வேண்டாம், முதலில் அந்த வளைவை நிதானமாகப் படியுங்கள். வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

மின்தடை உச்சத்துக்குப் போவது இரண்டு காந்த அடுக்குகளும் முழுக்க எதிரெதிராக நிற்கும்போது மட்டும்தான். ஃபீல்டைக் குறைத்துக்கொண்டே வரும்போது முதலில் ஃப்ரீ லேயர் திரும்ப வேண்டும், பின்டு லேயர் அசையாமல் இருக்க வேண்டும், பிறகுதான் அது திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் தட்டைப் பகுதிதான் எதிரெதிர் நிலை. உங்கள் படலத்தில் ஒன்று 40 ஓர்ஸ்டெட்டில் திரும்பி முடிப்பதற்குள் மற்றது சாயத் தொடங்கிவிடுகிறது. எந்த ஃபீல்டிலும் எல்லாத் துகள்களும் எதிரெதிராக நிற்கவில்லை. ஆகவே 2.3 சதவீதம் என்பது இந்த அடுக்கின் திறன் அல்ல, நீங்கள் அளக்க முடிந்த பகுதி. இதே அடுக்கு 6 முதல் 8 சதவீதம் வரை தர வேண்டும்.

அந்த 2.3-லும் கொஞ்சம் ஏஎம்ஆர் (மின்னோட்டத்துக்கும் காந்தமாக்கத்துக்கும் இடையிலான கோணத்தால் வரும் மின்தடை மாற்றம்) கலந்திருக்கலாம். சோதிப்பது சுலபம்: இரண்டு அடுக்குகளையும் செறிவாக்கும் பெரிய ஃபீல்டை வைத்து மாதிரியை 360 பாகை சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் மாற்றம் முழுக்க ஏஎம்ஆர்தான். அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்து அந்த 40. பின்டு லேயரின் வளைவு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அதே பக்கம்தான் ஃப்ரீ லேயரும் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இரண்டு அடுக்குகளும் இணையாக நிற்க விரும்புகின்றன. இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, தாமிரத்தில் ஓட்டை விழுந்து இரண்டு காந்த அடுக்குகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது. மற்றொன்று நீல் சொன்ன ஆரஞ்சுத்தோல் இணைப்பு: தாமிரத்தின் அடிமுகமும் மேல்முகமும் ஒரே மாதிரி அலையலையாக இருந்தால், அந்த மேடுபள்ளங்களில் உருவாகும் காந்த முனைகள் இரண்டு அடுக்குகளையும் இணையாக இழுக்கும்.

கணக்குப் போட்டுவிடலாம். அலையின் வீச்சின் வர்க்கத்தை, அலைநீளத்தாலும் ஃப்ரீ லேயர் தடிமனாலும் வகுத்து, பின்டு லேயரின் காந்தமாக்கத்தால் பெருக்கி, 6.98-ஆல் பெருக்குங்கள் (பை வர்க்கத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தது). பிறகு தாமிரத் தடிமனுக்கான தேய்வு: 8.89 பெருக்கல் தடிமன் வகுத்தல் அலைநீளம், அதன் எதிர்மறை அடுக்கு. துகள் அளவு 15 நானோமீட்டர் என்று அலைநீளத்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரீ லேயர் 4 நானோமீட்டர், கோபால்ட்-இரும்பின் காந்தமாக்கம் கன சென்டிமீட்டருக்கு 1500 ஈஎம்யு. வீச்சு 0.5, தாமிரம் 2.2 என்றால் வருவது 12 ஓர்ஸ்டெட். வீச்சு 0.8 ஆகி, தாமிரம் உண்மையில் 1.7 மட்டுமே இருந்தால் 41 ஓர்ஸ்டெட். உங்கள் எண்.

அதனால் என் சந்தேகம் இரண்டு: உங்கள் தாமிரம் 2.2 இல்லை, முகப்பும் வழவழப்பாக இல்லை. வீச்சு 0.8 என்பது ஏஎஃப்எம்மில் (அணுவிசை நுண்ணோக்கி) ஆர்எம்எஸ் கரடுமுரடு 0.57 ஆகத் தெரியும். டான்டல மூடி போடாத ஒரு மாதிரியைப் பார்த்துவிடுங்கள்.

தாமிரத்தை 3 ஆக்குவது பற்றி: அதே கரடான முகப்போடு உண்மையான 3 நானோமீட்டர் போட்டாலும் 19 ஓர்ஸ்டெட் மிச்சமிருக்கும். எம்ஆரும் இறங்கும், ஏனென்றால் மின்னோட்டம் தாமிரத்துக்குள்ளேயே ஓடிவிடும். நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவது அது.

தடிமனை எக்ஸ்-கதிர் பிரதிபலிப்பில்தான் அளக்க வேண்டும். 200 நானோமீட்டர் படியிலிருந்து 2 நானோமீட்டருக்கு வகுத்து வருவது நம்பத்தக்கதல்ல. தாமிரத்தை 200, 400, 600 நொடிகள் போட்டு மூன்று படலங்கள் எடுங்கள். அலைவரிகளின் இடைவெளியிலிருந்து தடிமன் நேரடியாக வரும்: 40 நானோமீட்டர் படலத்துக்கு, தாமிர கே-ஆல்ஃபா கதிரில், இரட்டைத் தீட்டா அச்சில் 0.22 பாகைக்கு ஒரு வரி. தடிமனை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வு படியும் வேகம். அந்தக் கோடு நேர அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுதான் முக்கியம். அது பூஜ்யத்தில் வெட்டவில்லையென்றால் ஒவ்வொரு அடுக்கிலும் அத்தனை நொடிகள் வீணாகின்றன. 200 நானோமீட்டருக்கு 2000 நொடி ஓடும்போது 5 நொடி கண்ணுக்கே தெரியாது. 22 நொடியில் 5 நொடி போனால் கால் பங்கு போயிற்று.

---

வெற்றிடக்கலம்

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. ஆனால் 4×10⁻⁷ டாரை யாரும் தொடவில்லையே என்று இருக்கிறது.

10⁻⁶ டாரில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு அணுத்தடிமன் வாயு முகப்பில் மோதுகிறது. உங்கள் அழுத்தத்தில் இரண்டரை நொடிக்கு ஒன்று. ஒரு கன்னிலிருந்து அடுத்ததுக்கு மாற 15 நொடி எடுக்கிறீர்கள் என்றால் அந்த இடைவெளியில் மட்டும் ஆறு அணுத்தடிமன் அளவுக்கு வாயு மோதிவிடுகிறது. அதில் பெரும்பகுதி நீராவி. மாங்கனீஸ் நீராவியைக் கண்டால் விடாது. இரிடியம்-மாங்கனீஸ் போட்டு முடித்து, கோபால்ட்-இரும்பு வரும் முன் முகப்பு ஆக்ஸைடு ஆகிவிட்டால் பின்னிங் எங்கிருந்து வரும்?

எண்ணால் பார்த்தாலும் அதே கதை. பின்னிங் ஃபீல்டை காந்தமாக்கத்தாலும் தடிமனாலும் பெருக்கினால் முகப்பு ஆற்றல். 150 ஓர்ஸ்டெட், 1500 ஈஎம்யு, 2.5 நானோமீட்டர்: சதுர சென்டிமீட்டருக்கு 0.056 எர்க். நல்ல இரிடியம்-மாங்கனீஸ் முகப்பு அனீலுக்குப் பிறகு 0.2 முதல் 0.3 வரை தரும், அதாவது உங்கள் தடிமனுக்கு 530 முதல் 800 ஓர்ஸ்டெட்.

செய்ய வேண்டியது: சேம்பரை 120 பாகையில் இரவு முழுக்க பேக் செய்யுங்கள். ஆர்ஜிஏ (மிச்ச வாயுக்களை நிறைவாரியாகக் காட்டும் கருவி) இருந்தால் நிறை 18-ஐ, அதாவது நீராவியை, பார்த்துக்கொண்டே இருங்கள், மொத்த அழுத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். வேஃபரை உள்ளே ஏற்றியபின் 150 பாகையில் அரை மணி நேரம் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். அதன்பின் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டுத்தான் படலம் போட வேண்டும். சூடான முகப்பில் தாமிரம் தீவுதீவாகக் குவியும், பிறகு ஓட்டைகளுக்குக் குறைவே இருக்காது. கடைசியாக ஷட்டரை மூடியபடி டான்டலத்தை 10 நிமிடம் ஓட்டுங்கள். சுவரில் படியும் புதிய டான்டலம் மிச்ச நீராவியையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு படிக்குச் செலவே இல்லை, பலன் மிகப் பெரியது.

சேம்பரைத் திறந்து மூடியிருந்தால் இரிடியம்-மாங்கனீஸ் டார்கெட்டை 15, 20 நிமிடம் ஷட்டர் மூடி ஸ்பட்டர் செய்த பிறகே பயன்படுத்துங்கள். அதன் முகப்பு காற்றில் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகக் கெடும்.

ஆர்கான் 5 மில்லிடார் அதிகம். அந்த அழுத்தத்தில் மோதலில்லாமல் போகும் தூரம் சுமார் 1 செ.மீ. டார்கெட்டிலிருந்து கிளம்பும் அணு 10 செ.மீ. வருவதற்குள் பத்து முறை மோதி, ஆற்றல் இழந்து, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கரடுமுரடு அங்கிருந்துதான். 2 முதல் 3 மில்லிடாருக்கு இறக்குங்கள். நிக்கல்-இரும்பு டார்கெட் அந்த அழுத்தத்தில் பற்றிக்கொள்ள மறுக்கும், ஏனென்றால் மேக்னட்ரானின் ஃபீல்டை டார்கெட்டே விழுங்கிவிடுகிறது. 10 மில்லிடாரில் ஷட்டர் மூடிப் பற்றவைத்து, பிறகு மெல்ல இறக்குங்கள். அப்படியும் அணைந்தால் டார்கெட் தடிமன் அதிகம், 1 முதல் 1.5 மி.மீ. டார்கெட்டுக்கு மாறுங்கள். 1 மில்லிடாருக்குக் கீழேயும் போக வேண்டாம். டான்டலம், இரிடியம் போன்ற கனமான அணுக்களில் பட்டுத் திரும்பும் ஆர்கான் வேகம் குறையாமல் வந்து முகப்புகளைக் கலக்கிவிடும்.

கொஞ்சம் ஆக்சிஜன் நல்லதுதானே என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் வில்லியம் எகல்ஹாஃப் குழு 1990களில் காட்டியது உண்மை: மிகச் சிறிதளவு ஆக்சிஜன் தாமிர முகப்பைச் சமன்செய்து எம்ஆரை உயர்த்துகிறது. ஆனால் அது 10⁻⁹ டார் அளவில், அளந்து விட்ட ஆக்சிஜன். கட்டுப்பாடில்லாத நீராவி அதைப்போல நூறு மடங்கு இருந்தால் அதே பலன் வராது.

---

சூளை

அனீல் செய்யாத இரிடியம்-மாங்கனீஸை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. வளரும்போது 100 ஓர்ஸ்டெட் இருந்தால் ஓரளவு பின்னிங் வரும், ஆனால் துகளுக்குத் துகள் திசை சிதறியிருக்கும். உங்கள் வளைவின் சாய்வு அதுதான்.

250 பாகை செல்சியஸ், 1 மணி நேரம், 10⁻⁶ டாருக்குக் கீழே, 2 கிலோ-ஓர்ஸ்டெட் ஃபீல்டில். ஃபீல்டின் திசை ஹோல்டர் காந்தத்தின் திசையாகவே இருக்கட்டும். ஆறும்போது ஃபீல்டை எடுத்துவிட வேண்டாம். பின்னிங் பதிவது ப்ளாக்கிங் வெப்பநிலையை (அதற்கு மேல் பின்னிங் நிற்காது) தாண்டிக் கீழே இறங்கும்போதுதான். 80 பாகைக்குக் கீழே வந்தபின் எடுங்கள்.

280-ஐத் தாண்ட வேண்டாம். மாங்கனீஸ் கோபால்ட்-இரும்புக்குள் ஊடுருவித் தாமிரம் வரை வரும். ஊடுருவிவிட்டதா என்று அறிய ஷீட் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். பின்னிங் ஏறி, ஷீட் ரெசிஸ்டன்ஸ் சற்றே குறைந்தால் நல்ல அனீல். ஷீட் ரெசிஸ்டன்ஸ் ஏறி எம்ஆர் இறங்கினால் முகப்பு கலந்துவிட்டது, அல்லது மூடி போதாமல் ஆக்ஸைடு உள்ளே இறங்கிவிட்டது. எம்ஆர் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் ஓமில் வரும் மாற்றத்தைத் தனியாக எழுதி வையுங்கள். உங்கள் 18 ஓமில் 2.3 சதவீதம் என்றால் 0.41 ஓம். ஓம் மாற்றம் நன்றாக இருந்து சதவீதம் மட்டும் குறைந்தால் எங்கோ மின்னோட்டம் பக்கவழியில் ஓடுகிறது. ஓம் மாற்றமே குறைந்தால் முகப்பிலோ எதிரெதிர் நிலையிலோதான் கோளாறு. உங்களுடையது இரண்டாவது வகை.

ஒன்று மட்டும். அனீலுக்கு முன் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீடு) எடுத்து இரிடியம்-மாங்கனீஸின் 111 உச்சத்தைப் பாருங்கள், இரட்டைத் தீட்டா 41.3 பாகை பக்கம் வரும். தாமிரமும் நிக்கல்-இரும்பும் 44 பக்கம். 41.3-இல் உச்சமே இல்லையென்றால் அடித்தள டான்டலமும் நிக்கல்-இரும்பும் படிகத் திசையை அமைத்துக் கொடுக்கவில்லை. அப்போது எத்தனை மணி நேரம் சுட்டாலும் பயனில்லை.

---

மெல்லேடு

மூவருக்கும் நன்றி. செய்து முடித்த பின் எண்கள்:

தாமிரம் 200, 400, 600 நொடிக்கு 19.5, 39.5, 59.5 நானோமீட்டர். வேகம் 0.1 சரிதான். ஆனால் கோடு 5 நொடியில் வெட்டுகிறது. பவர் சப்ளை முழு வாட்டுக்கு ஏற 5 நொடி எடுக்கிறது, ஷட்டரும் பவரும் ஒரே கட்டளையில் திறக்கும்படி ரெசிப்பி எழுதப்பட்டிருந்தது. ஆக, 2.2 என்று நினைத்தது 1.7. வளைவுவாசகர் எழுதிய அதே எண். இப்போது எல்லா கன்னையும் ஷட்டர் மூடி 60 நொடி ஓட்டிவிட்டுத் திறக்கிறேன்.

பேக் செய்து, டான்டலம் ஓட்டியபின் பேஸ் பிரஷர் 6×10⁻⁸. ஆர்கான் 2.5 மில்லிடார். 41.3-இல் உச்சம் தெளிவாக இருக்கிறது. 250 பாகை அனீலுக்குப் பின்: பின்னிங் 560 ஓர்ஸ்டெட், ஃப்ரீ லேயர் தள்ளல் 12 ஓர்ஸ்டெட், ஷீட் ரெசிஸ்டன்ஸ் 17 ஓம், எம்ஆர் 6.8 சதவீதம். 100-இலிருந்து 350 ஓர்ஸ்டெட் வரை மேல்பகுதி மேசை போல் தட்டையாக இருக்கிறது.

இனி பேட்டர்ன். மீதமுள்ள 12 ஓர்ஸ்டெட்டை என்ன செய்வது? அதற்காவது சிந்தெட்டிக் ஆன்டிஃபெர்ரோமேக்னட் வேண்டாமா?

---

நான்முனை

வேண்டாம். அந்த 12 உங்களுக்கு உதவப்போகிறது.

படலத்தைக் கோடாக வெட்டியதும் இரண்டு புதிய விசைகள் வருகின்றன. கோட்டின் நீளம் அகலத்தைவிடப் பல மடங்கு இருந்தால் ஃப்ரீ லேயர் தானாகவே நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். அதை அகலவாக்கில் திருப்ப வேண்டிய ஃபீல்டு தோராயமாக 4 பை பெருக்கல் காந்தமாக்கம் பெருக்கல் தடிமன் வகுத்தல் அகலம். உங்கள் ஃப்ரீ லேயருக்கு (நிக்கல்-இரும்பு 3, கோபால்ட்-இரும்பு 1) 2 மைக்ரான் கோட்டில் 24 ஓர்ஸ்டெட், 4 மைக்ரானில் 12. பின்டு லேயர் அகலவாக்கில் பிணைந்திருக்கும்படி வெட்டினால் நேர்கோட்டு வெளியீடு கிடைக்கும்: ஃப்ரீ லேயர் நடுநிலையில் பின்டு லேயருக்குச் செங்குத்தாக நிற்கிறது, பட்டையின் ஃபீல்டு அதை இரு பக்கமும் சாய்க்கிறது.

இரண்டாவது விசை: பின்டு லேயரின் இரு விளிம்புகளிலும் காந்த முனைகள் உருவாகி, அவற்றின் ஃபீல்டு ஃப்ரீ லேயரை எதிர்த்திசையில் தள்ளும். 2.5 நானோமீட்டர் கோபால்ட்-இரும்புக்கு 2 மைக்ரானில் 24, 4 மைக்ரானில் 12 ஓர்ஸ்டெட். ஆரஞ்சுத்தோல் இணைப்பு இணையாக இழுக்கிறது, இது எதிராகத் தள்ளுகிறது. 4 மைக்ரான் அகலத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். தடிமனைத் தொடாமல் மாஸ்க்கிலேயே சரிசெய்யலாம். மாஸ்க்கில் 3, 3.5, 4, 4.5, 5 மைக்ரான் என ஐந்து அகலங்கள் வையுங்கள். எது பூஜ்யத்தில் நடுவாக நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டத்தின் சொந்த ஃபீல்டும் உண்டு. 4 மைக்ரானில் 1 மில்லிஆம்பியருக்கு அது ஒன்றரை ஓர்ஸ்டெட்டைத் தாண்டாது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அதன் குறியும் மாறும், கடைசி நுண்சரிப்புக்கு அது போதும்.

சிந்தெட்டிக் ஆன்டிஃபெர்ரோமேக்னட் எங்கே தவிர்க்க முடியாதது? ஹார்ட் டிஸ்க் ஹெட்டில். அகலம் 100 நானோமீட்டர் ஆனால் அந்த விளிம்பு ஃபீல்டு 470 ஓர்ஸ்டெட் பக்கம் போய்விடும், எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. அங்கே 0.8 நானோமீட்டர் ருத்தேனியத்தின் இரு பக்கமும் எதிரெதிரான இரண்டு கோபால்ட்-இரும்பு அடுக்குகளை வைத்து மொத்தக் காந்தத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்குகிறார்கள். அதை அனீல் செய்ய 2 கிலோ-ஓர்ஸ்டெட் போதாது, இரண்டு அடுக்குகளையும் ஒரே திசைக்கு வளைக்க 1 டெஸ்லா பக்கம் வேண்டும். உங்கள் கோட்டுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

கோட்டின் இரு முனைகளிலும் டொமைன்கள் அடையும், அவை அசைந்தால் வெளியீட்டில் குட்டிக்குட்டித் தாவல்கள் வரும். முனைகளை ஊசியாகக் கூராக்குங்கள். உலோக லீடு முனையில் முடியாமல் இருபுறமும் 20 மைக்ரான் உள்ளே ஏறி வரட்டும். அப்போது அளக்கப்படும் நடுப்பகுதிக்கு முனையின் தொல்லை வராது.

250 பாகை அனீல் நிக்கல்-இரும்பின் எளிய அச்சையும் அகலவாக்கில் திருப்பியிருக்கும், சில ஓர்ஸ்டெட் அளவுக்கு. 4 மைக்ரானில் உங்களிடம் இருப்பதே 12தான் என்பதால் இது உறுத்தும். வளைவில் சிறு ஹிஸ்டெரிசிஸ் தெரிந்தால் 150 பாகையில் அரை மணி நேரம், 100 ஓர்ஸ்டெட்டை நீளவாக்கில் வைத்து இரண்டாவது அனீல் செய்யுங்கள். 560 ஓர்ஸ்டெட் பின்னிங் அதைத் தாங்கும்.

---

அலைமுகம்

இடையில் ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபடுவதற்கு நேரே மெக்னீசியம் ஆக்ஸைடு டனல் ஜங்ஷனுக்கே (தாமிரத்துக்குப் பதில் மெல்லிய காப்புப் படலம் வைத்தது) போகலாமே? அதில் நூற்றுக்கணக்கில் சதவீதம் வருகிறதே.

---

நான்முனை

வருகிறது. 2008-இல் தொஹோகு பல்கலைக்கழகக் குழு அறை வெப்பநிலையில் 604 சதவீதம் வரை காட்டியது. ஆனால் அதற்கு 1 நானோமீட்டர் பக்கத் தடிமனில் ஓட்டையில்லாத மெக்னீசியம் ஆக்ஸைடு வேண்டும், வெற்றிடம் இதைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும், கோபால்ட்-இரும்பு-போரானைப் படிகமாக்கும் அனீல் வேண்டும், மின்னோட்டம் செங்குத்தாகப் போவதால் மேலும் கீழும் தனித்தனி மின்முனை வேண்டும். மில்லிங்கில் (ஆர்கான் அயனிகளால் அரித்து வெட்டும்போது) பக்கச் சுவரில் ஒட்டும் உலோகத்துணுக்கு ஒன்று போதும், ஜங்ஷன் ஷார்ட்.

ஹார்ட் டிஸ்க் ஹெட் அதற்கு மாறியது சதவீதத்துக்காக மட்டுமல்ல. 1988-இல் ஃபெர்ட்டும் க்ருன்பெர்க்கும் ஜிஎம்ஆரைக் கண்டு, 1991-இல் ஐபிஎம்மில் ஸ்பின் வால்வ் உருவாகி, 1997-இல் அது டிஸ்க்கில் ஏறியது. அதில் மின்னோட்டம் படலத்தின் வழியே கிடைமட்டமாக ஓடுகிறது. ஆகவே இரு பக்க ஷீல்டிலிருந்தும் (பக்கத்துப் பிட்களின் ஃபீல்டைத் தடுக்கும் காந்த அடுக்கு) காப்புப் படலம் போட்டுப் பிரிக்க வேண்டும். பிட் சிறுத்து ஷீல்டுகளின் இடைவெளி குறுகக் குறுக அந்தக் காப்புப் படலத்துக்கே இடமில்லாமல் போயிற்று. மின்னோட்டம் செங்குத்தாக ஓடினால் ஷீல்டே மின்முனையாகிவிடும்.

காந்த அட்டையில் அந்த நெருக்கடி கிடையாது. அங்குலத்துக்கு 210 பிட் அடர்த்தித் தடத்தில் ஒரு பிட் 0.12 மி.மீ.

---

மெல்லேடு

லித்தோகிராஃபியில் எதற்குப் பயப்பட வேண்டும்? 4 மைக்ரான் அகலம், 200 மைக்ரான் நீளம் என்று வைத்திருக்கிறேன்.

---

நான்முனை

50 சதுரங்கள், 17 ஓம் என்றால் 850 ஓம். 6.8 சதவீதம் என்றால் 58 ஓம் மாற்றம், அது இரு பக்கமும் 12 வீதம் 24 ஓர்ஸ்டெட் அகலத்தில் பரவுகிறது. ஓர்ஸ்டெட்டுக்கு 2.4 ஓம், 1 மில்லிஆம்பியரில் 2.4 மில்லிவோல்ட். சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கே போதும். கோட்டின் குறுக்குவெட்டில் 1 மில்லிஆம்பியர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 10⁶ ஆம்பியர். 5 மில்லிஆம்பியருக்கு மேல் போக வேண்டாம்.

மில்லிங்: 500 வோல்ட் ஆர்கான், 45 பாகை சாய்வு, மாதிரி சுழல வேண்டும். 30 நொடி ஓட்டி, 60 நொடி ஆறவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ரெசிஸ்ட் கருகிக் கெட்டியாகி, அசிட்டோனுக்கு அசையாது. அதைவிட, சூட்டில் பின்னிங்கும் குலையும். நேராக 90 பாகையில் மில் செய்தால் ரெசிஸ்ட் ஓரத்தில் உலோகச் சுவர் எழும், லீடு போடும்போது அது முறிந்து தொந்தரவு தரும்.

எம்ஆர் பேட்டர்னுக்குப் பின் 6.8-இலிருந்து 4, 5 என்று குறைந்தால் படலத்தைக் குறைசொல்லும் முன் கான்டாக்டைப் பாருங்கள். மேல் டான்டலத்தில் 2, 3 நானோமீட்டர் காற்றிலேயே ஆக்ஸைடு ஆகியிருக்கும். லீடு போடும் முன் அதே சேம்பரில் சில நொடி மில் செய்து அந்த ஆக்ஸைடை எடுத்துவிட்டு, வெற்றிடம் உடைக்காமல் டான்டலம் 5, தங்கம் 100 நானோமீட்டர் போடுங்கள். இரண்டு முனையில் அளந்தால் கான்டாக்ட் மின்தடை கூடவே சேர்ந்து சதவீதத்தைக் குறைத்துக் காட்டும். மாஸ்க்கில் நான்கு பேட் வைத்துவிட்டால் சந்தேகமே வராது.

அட்டையைப் படிக்கும்போது எல்லாமே இடைவெளியில்தான் இருக்கிறது. இழப்பு டெசிபெலில் 55 பெருக்கல் இடைவெளி வகுத்தல் அலைநீளம். 210 பிட் தடத்தில் மிக நெருக்கமான பதிவின் அலைநீளம் 0.12 மி.மீ. சென்சார் 20 மைக்ரான் உயரத்தில் இருந்தால் 9 டெசிபெல் போகும். 75 பிட் தடத்தில் அதே உயரத்துக்கு 3 டெசிபெல்தான், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள். சிப்பை அட்டைக்கு முகம் காட்டிப் படுக்கவைக்கலாம்: கோட்டின் 4 மைக்ரான் அகலம் அட்டை நகரும் திசையில் இருக்கட்டும். பேட்கள் கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளி, சிப்பின் மறு ஓரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் பாண்ட் வயரின் வளைவே அட்டையை 20 மைக்ரானுக்குள் வரவிடாது.

நிலைமின்சாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயர் பாண்ட் செய்யும் முன் நான்கு பேட்களையும் ஒன்றாக ஷார்ட் செய்யும் ஒரு மெல்லிய கோட்டை மாஸ்க்கிலேயே வரைந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, தரை இணைப்பைச் சரிபார்த்தபின் கடைசி வேலையாக அதைக் கீறி அறுங்கள்.